ஒரே காசு, இரண்டு கார்: முதலில் மேப்பா, பிரேக்கா?

போன வருடம் பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில் நானும் என் சித்தப்பா மகனும் ஆளுக்கொரு காரில், இரண்டும் ஒரே மாடல். முதல் இரண்டு லேப்பில் அவன் என்னை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். லேப்புக்கு மூன்று விநாடியாவது முன்னால் இருந்திருப்பான். மூன்றாவது லேப்பில் அவன் வண்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நான்காவது லேப்பில், நேர்சாலை முடிகிற இடத்தில் அவன் பிரேக்கை மிதித்தபோது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. நல்ல வேளை, ஓரத்தில் ஓடி நிற்க இடம் இருந்தது. மண்ணைக் கிளப்பிக்கொண்டு நின்றான். பிட்டுக்குள் வந்து கதவைத் திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை, “இன்னாண்ணே இது, காலு தரைய தொட்டுச்சு.”

இருவரும் ஒரே சமயத்தில் ஏறக்குறைய ஒரே தொகையைத்தான் காரில் கொட்டியிருந்தோம், ஆளுக்கு ஒரு லட்சம். அவன் கொளத்தூர், நான் தண்டையார்பேட்டை. கார் 1 லிட்டர், 3 சிலிண்டர் டர்போ பெட்ரோல், 6 கியர் மேனுவல். ஷோரூமிலிருந்து வரும்போது 110 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை). ஓட்டுபவரையும் சேர்த்தால் எடை 1,150 கிலோ பக்கம். கம்பெனி பெயர் இங்கே தேவையில்லை. இந்த அளவில் வரும் எந்த டர்போ ஹேட்ச்பேக்குக்கும் கணக்கு பெரிதாக மாறாது.

அவன் ரசீது: ரீமேப் (எஞ்சினை ஆளும் கணினியான இசியுவின் புரோகிராமை மாற்றி பவர் கூட்டுவது, சுருக்கமாக மேப்), திறந்த ஏர் ஃபில்டர், 35 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங், சத்தம் வரும் சைலன்சர். என் ரசீது: கோளாறு கண்டுபிடித்த செலவு, பிரேக் பேட், பிரேக் ஆயில், ஹோஸ், பழைய அலாய் நான்கு, அதற்கு டயர் நான்கு. என்னுடையதில் வெளியே தெரிகிற மாதிரி ஒன்றுமே இல்லை. தெருப் பையன்கள் அவன் காரைச் சுற்றித்தான் நின்றார்கள்.

இந்த இரண்டு ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேப் போட்டது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. காரை ஓட்டிக்கொண்டே டிராக்குக்குப் போய், அதிலேயே வீடு திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையில், எதை முதலில் செய்வது என்பதுதான் கேள்வி.

அதற்கும் முன்னால்: கார் இப்போது எப்படி இருக்கிறது?

எனக்கும் முதலில் மேப் ஆசைதான். வண்டி சோம்பலாக இருந்தது. வெயில் ஏறினால் மூன்றாவது கியரில் மிதித்தாலும் இழுவை இல்லை. ஒரு கடையில் காட்டினேன். ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள். சரியாகவில்லை. காயில் மாற்றினார்கள். சரியாகவில்லை. அடுத்து ஃபியூயல் பம்ப் என்றார்கள். ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குக் காசு நம்முடையது, அனுபவம் அவர்களுடையது. கடைசியில், “மேப் போட்டா எல்லாம் சரியாயிடும் சார்” என்றார்கள். அங்கேதான் உஷாரானேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பாய் இருக்கிறார். முப்பது வருடமாக மெக்கானிக். அவர் போனட்டைத் திறக்கவே இல்லை. காரின் கணினியில் ஓடும் எண்களைக் காட்டும் ஓபிடி ஸ்கேனரைச் சொருகி, “தம்பி, நீ ஓட்டு, நான் பாக்குறேன்” என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலையில், மூன்றாவது கியர், 2,000 ஆர்பிஎம்மிலிருந்து 4,000 வரை முழு ஆக்ஸிலேட்டர். இரண்டே எண்களைத்தான் பார்த்தார். இசியு கேட்கிற பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) எவ்வளவு, உண்மையில் வருகிற பூஸ்ட் எவ்வளவு. வண்டி ஆறியிருந்தபோது இரண்டும் ஒட்டி நின்றன. சூடேறிய பிறகு கேட்டதற்கும் வந்ததற்கும் நடுவில் பள்ளம் விழுந்தது. பி0299 என்ற கோளாறுக் குறியீடும் பழையதாகப் பதிவாகி இருந்தது. டர்போ அழுத்தம் போதவில்லை என்பதற்கான குறியீடு அது.

அப்புறம் கடையில் புகை விட்டுப் பார்த்தார். அவரே தகர டப்பாவில் செய்துவைத்திருக்கும் கருவி. டர்போவிலிருந்து த்ராட்டில் பாடிக்குப் போகும் குழாயின் மூட்டில் புகை மெல்லக் கசிந்தது. கிளிப் துருவேறித் தளர்ந்திருந்தது. ரப்பர் சூடேறி இளகும்போதுதான் கசியும், ஆறினால் பிடித்துக்கொள்ளும். எண்ணூர் முதல் காசிமேடு வரை கடலோரம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இது புதிதில்லை. உப்புக்காற்று முதலில் கிளிப்பையும் ஸ்க்ரூவையும்தான் தின்னும். புது கிளிப்பின் விலையை இங்கே எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. அதற்கு முன் மாற்றிய பிளக்கும் காயிலும் எத்தனை ஆயிரம் என்று என் மனைவிக்கு இன்னும் தெரியாது.

அந்தக் கசிவோடு நான் மேப் போட்டிருந்தால்? புது மேப் இன்னும் கூடுதல் பூஸ்ட் கேட்டிருக்கும். கசிவதையும் ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழன்றிருக்கும், சூடு கூடியிருக்கும். நோய் அப்படியே இருக்க, அதன் மேல் சத்து டானிக் குடித்த கதை.

ஸ்கேனரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: நீண்டகால ஃபியூயல் டிரிம், அதாவது இசியு தன் கணக்கைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்கிற எண். பிளஸ் அல்லது மைனஸ் பத்து சதவீதத்தைத் தாண்டினால் காற்றோ பெட்ரோலோ எங்கேயோ தப்புகிறது என்று சந்தேகப்படலாம். இப்போது வரும் இ20 பெட்ரோலால் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) இதில் ஒரு குழப்பம் உண்டு. சுத்தமான பெட்ரோலுக்கு ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். 10 சதவீத எத்தனாலிலிருந்து 20-க்குப் போகும்போது அதே காற்றுக்கு நாலு, ஐந்து சதவீதம் கூடுதலாக எரிபொருள் ஊற்ற வேண்டியிருக்கும். டிரிம் அந்த அளவு பிளஸ்ஸில் நகர்ந்திருந்தால் பயந்து எதையும் மாற்ற வேண்டாம். மணலி சுத்திகரிப்பு ஆலையின் நெடி வீட்டுக்குள் வரும் ஊரில் இருந்துகொண்டு பெட்ரோலைப் பற்றி இவ்வளவாவது தெரிந்துவைத்திருக்க வேண்டாமா.

பிரேக்: கணக்கு போட்டால் புரியும்

இனி அவன் பெடல் ஏன் உள்ளே போனது என்று பார்ப்போம்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் 60-ல் வந்து சிக்னலில் நிற்கிறோம். 1,150 கிலோ வண்டியின் இயக்க ஆற்றல் சுமார் 160 கிலோஜூல். அது முழுக்க சூடாக மாறிப் பிரேக்குக்குள் போகிறது. டிராக்கில் 160-லிருந்து 70-க்கு இறங்குகிறோம், நிற்கக்கூட இல்லை. அதற்கு சுமார் 920 கிலோஜூல். ஒரே மிதியில் கிட்டத்தட்ட ஆறு சிக்னல். அதில் 70 சதவீதம் முன் டிஸ்க் இரண்டுக்கும் போகிறது என்றும், டிஸ்க் ஒன்று 5 கிலோ என்றும் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பெரிய பிரேக்குக்கும் டிஸ்க் 130 டிகிரி போலச் சூடேறுகிறது. அடுத்த வளைவுக்குள் அது முழுதாக ஆறாது. 3.717 கிலோமீட்டர் சுற்றில் இப்படிப் பல முறை. நான்கு லேப்புக்குள் நிலைமை என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக் தோற்பதில் இரண்டு வகை உண்டு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் காசை வீணாக்குகிறவர்கள் அதிகம். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் அதன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. பெடலே தரைக்குப் போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். காலுக்குக் கீழே பஞ்சு போலத் தெரிவது அந்த ஆவிதான். தம்பிக்கு நடந்தது இரண்டாவது.

அவன் டப்பாவில் இருந்தது மூன்று வருடப் பழைய டாட் 4 ரக பிரேக் ஆயில். புதிதாக இருக்கும்போது டாட் 4-ன் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி. 3.7 சதவீதம் தண்ணீரை உறிஞ்சிய பிறகு அது 155 வரை இறங்கலாம். டாட் 5.1-க்கு இதே எண்கள் 260, 180. பந்தயத்துக்கென்று விற்கும் ஆயில்கள் 300-ஐத் தாண்டும். டப்பாவில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது புது ஆயிலின் எண். சின்ன எழுத்தில் இருக்கும் ஈர எண்ணைத்தான் நாம் படிக்க வேண்டும். நம் ஊரில் துணி காயப்போட்டாலே ஈரம் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரேக் ஆயில் மட்டும் காய்ந்தா இருக்கும்? சாலை மட்டும் என்றால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. டிராக்குக்கும் போவதென்றால் நான் வருடா வருடம் மாற்றிவிடுகிறேன்.

பேட் விஷயத்தில்தான் மூன்று பேர் மோதுகிறார்கள். கம்பெனி பேட் ஆறிய நிலையில் நன்றாகப் பிடிக்கும், சத்தம் போடாது, ஆனால் டிராக் சூட்டுக்குத் தாங்காது. முழு டிராக் பேட் 600 டிகிரியிலும் பிடிக்கும். ஆனால் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது பிடிக்காது, கீச்சென்று கத்தும், டிஸ்க்கைச் சுரண்டும். தண்டையார்பேட்டையில் காலை எட்டரைக்கு ஷேர் ஆட்டோ ஒன்று கையைக் கூடக் காட்டாமல் குறுக்கே வந்து நிற்கும். அப்போது, பேட் சூடேறட்டும் என்று காத்திருக்க முடியாது. அதனால் நடுவில் இருக்கும் வேகச்சாலை பேட்தான் என் தேர்வு. டிராக்கில் இருபது நிமிடம் முழு மூச்சில் ஓட்டினால் அதுவும் தளரத்தான் செய்யும். அதற்குள் ஒரு லேப் மெதுவாக ஓட்டி ஆறவிட்டால் போதும்.

பெரிய டிஸ்க், நான்கு பிஸ்டன் காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) என்று முழு செட் போடலாமே என்றால், இந்த எடைக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. காலிப்பர் அலாய்க்குள் உட்கார 17 அங்குலம் கேட்கும், அதற்கு டயர் மாறும், எடை ஏறும். பேட், ஆயில், எஃகு வலை போட்ட ஹோஸ் மூன்றும் சேர்ந்து எனக்கு இருபதாயிரம் பக்கம்தான் ஆனது. பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காகப் பெரிய செட் வாங்கினால் அது வேறு கணக்கு. சிவப்பு காலிப்பர் அழகுதான், மறுக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் கார் நின்றவர்கள், அல்லது கடலோரத்தில் வருடக்கணக்கில் நிறுத்தியவர்கள், புது பேட் போடும் முன் காலிப்பரின் சறுக்கு பின்னைக் கழற்றிப் பாருங்கள். உள்பக்க பேட் தேய்ந்தும் வெளிப்பக்கம் கனமாகவும் இருந்தால் பின் இறுகிவிட்டது என்று அர்த்தம். என் காரில் இடது பக்கம் அப்படித்தான் இருந்தது. சுத்தம் செய்து கிரீஸ் வைத்ததற்கு பாய் காசே வாங்கவில்லை. டீ மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

டயர்: ஒரு செட்டா, இரண்டு செட்டா

திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப், பிறகு டயர் கம்பெனியாக வளர்ந்த கதை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ரப்பர் வாசனையோடு வளர்ந்த ஊர். ஆனாலும் டயரில் கஞ்சத்தனம் செய்வதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

தம்பி போட்டிருந்தது பழைய டூரிங் டயர். பக்கவாட்டில் உற்பத்தித் தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அவனுடையதைப் பார்த்தால் ஐந்து வருடத்துக்கு மேல். ரப்பர் இறுகியிருந்தது. மேப் கொடுத்த கூடுதல் டார்க் இரண்டாவது கியரில் புகையாகத்தான் போனது.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் தேய்மான எண்ணை (ட்ரெட்வேர்) வைத்து டயரை ஓரளவு எடை போடலாம். 400-க்கு மேல் என்றால் நீண்ட நாள் உழைக்கும், பிடிப்பு சுமார். 300 பக்கம் என்றால் ஸ்போர்ட் டயர். 200 என்றால் டிராக் பிடிப்பு, ஆனால் சீக்கிரம் கரையும், மழைநீர் தேங்கிய சாலையில் நம்ப முடியாது. நவம்பர் மாதம் கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் 200 டயரோடு போகிற ஆளை நான் வீரன் என்று சொல்ல மாட்டேன்.

ஒரே செட்டில் இரண்டு வேலையும் செய்ய 300 வகை போதும். நான் இரண்டு செட் வைத்தேன். சாலைக்குப் பழைய 195/55 ஆர்16, டிராக்குக்கு ஒட்டும் டயர். இதில் யாரும் சொல்லாத சிக்கல் வேறு. எங்கள் வீடு இருக்கும் அகலத்துக்கு நான்கு டயரை எங்கே வைப்பது? மாடிப்படிக்குக் கீழே குடங்கள் இருந்த இடத்தில் இப்போது டயர் இருக்கிறது. “தண்ணி லாரி வர்ற நேரத்துல உன் டயர தலையில வெச்சுக்கோ” என்று அம்மா சொல்லாத நாள் இல்லை. தோட்டமும் கராஜும் உள்ளவர்களுக்கு இரண்டு செட் நல்லது. எங்கள் தெருக்காரர்களுக்கு ஒரு நல்ல ஸ்போர்ட் செட்டே போதும் என்று இப்போது தோன்றுகிறது.

காற்று அழுத்தம் இலவசமாகக் கிடைக்கும் அப்கிரேடு. காலையில் 30 பிஎஸ்ஐ வைத்துக் கிளம்பி, டயருக்குள் காற்று 30 டிகிரியிலிருந்து 80-க்கு ஏறினால் அழுத்தம் 37-ஐத் தாண்டிவிடும். டயர் நடுவில் உப்பும், பிடிப்பு போகும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் சூட்டோடு அளந்து இறக்குங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன் மறக்காமல் திரும்ப ஏற்றுங்கள். வீல் போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் சரி பாருங்கள். என் காருக்கு 120 நியூட்டன் மீட்டர்.

சஸ்பென்ஷன்: தாழ்த்தியவன் பாடு

இதில் எனக்குக் கொஞ்சமும் நடுநிலை இல்லை.

சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்திய சாலை காங்கிரஸ் அமைப்பின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், மேலே மெதுவாக வளைந்து இறங்க வேண்டும். எங்கள் பக்கம் எந்த வேகத்தடையைப் பார்த்தாலும் தாரைக் குவித்துச் சுவர் கட்டிய மாதிரி இருக்கும். மணலி சாலையிலும் எண்ணூர் சாலையிலும் கண்டெய்னர் லாரிகள் தார் ரோட்டைக் குழைத்து இரண்டு வரிசைப் பள்ளம் ஆக்கி வைத்திருக்கின்றன. நடுவில் மேடு. அடிப்பாகம் தரையிலிருந்து 165 மில்லிமீட்டர் உயரத்தில் உள்ள காரை 35 தாழ்த்தினால் 130. நான்கு பேரை ஏற்றினால் அடிவயிறு சாலையை உரசும்.

சாலையில் மட்டுமல்ல, டிராக்கிலும் அவன் ஸ்பிரிங் உதவவில்லை. கம்பெனி ஷாக்கின் மேல் தாழ்வான ஸ்பிரிங்கை மாட்டினால், அமுங்க மிச்சமிருக்கும் தூரம் குறைந்துவிடும். வளைவில் வண்டி சாயும்போது ஷாக் போய், அதன் முடிவில் இருக்கும் தடுப்புக் கட்டையான பம்ப் ஸ்டாப்பில் முட்டும். முட்டியதும் அந்தப் பக்கம் திடீரெனக் கல்லாகிவிடும், முன் டயர் வழுக்கும். “வண்டி திரும்பவே மாட்டேங்குது” என்று அவன் சொன்னது இதைத்தான்.

ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்து ஒரே செட்டாக வரும் காயில்ஓவர் போட்டால் உயரத்தையும் இறுக்கத்தையும் நாமே வைத்துக்கொள்ளலாம். டிராக்குக்கு அதுதான் மேல், சந்தேகமில்லை. ஆனால் நல்லதாக வாங்கினால் எங்கள் முழு பட்ஜெட்டையும் விழுங்கும். மலிவானது வாங்கினால் உப்புக்காற்றில் அதன் மரை இறுகி, ஒரு வருடம் கழித்து உயரத்தை மாற்றவே முடியாது. அதனால் மூன்றாவது வழி: உயரம் கம்பெனி உயரமே, ஷாக் மட்டும் இறுக்கமான வகை, பின்பக்கம் வண்டி சாய்வதைக் குறைக்கும் கனமான ஆன்ட்டி ரோல் பார், முன்சக்கரத்துக்கு மைனஸ் 1.5 டிகிரி வரை கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும் அளவு). நான் இப்போதைக்கு அலைன்மென்ட் மட்டும் செய்துகொண்டேன். முன் டயரின் வெளி ஓரம் கரைவது அதிலேயே கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது.

மேப்: குற்றவாளி இல்லை

சாலையில் இரண்டு காரையும் மாற்றி மாற்றி ஓட்டினேன். சொல்லத்தான் வேண்டும், அவனுடையதில் சுகம் அதிகம். மாதவரம் ரவுண்டானா தாண்டி ஜிஎன்டி சாலையில் லாரியை முந்த என் காரில் கியர் இறக்க வேண்டும். அவன் காரில் வேண்டாம். சாலைக்கு மட்டும் என்றால், கார் ஆரோக்கியமாக இருந்தால், ஒரு ரூபாய்க்கு அதிக மகிழ்ச்சி தருவது ரீமேப்தான். இந்த மாதிரி எஞ்சினில் முதல் கட்ட மேப் 20 முதல் 25 சதவீதம் வரை டார்க் கூட்டும்.

சிக்கல் டிராக்கில், அதுவும் நம் வெயிலில். எங்கள் காரில் இண்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விப்பது) தண்ணீரால் குளிரும் வகை. அது இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருக்கிறது, தண்ணீரைச் சுற்றவிடத் தனியாக ஒரு மின் பம்ப். மெதுவாகத்தான் சூடேறும், ஏறிவிட்டால் மெதுவாகத்தான் ஆறும். மேப் போட்ட கார் அந்தத் தண்ணீரை இரண்டு லேப்பில் சூடாக்கிவிடுகிறது. உள்ளே போகும் காற்று கொதித்தால் நாக் (சிலிண்டருக்குள் எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது) வராமல் இருக்க இசியு இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், பூஸ்ட்டைக் குறைக்கும். கொடுத்த காசில் பாதியை மூன்றாவது லேப்பில் இசியுவே திரும்ப வாங்கிக்கொள்கிறது. போதாததற்கு அவன் திறந்த ஏர் ஃபில்டர் வேறு போட்டிருந்தான். போனட்டுக்குள் இருக்கும் அனலையே உறிஞ்சும் சாமான் அது. ‘புஸ்’ என்று சத்தம் வரும், வேறு நன்மை எனக்குத் தெரியவில்லை. கம்பெனி பெட்டியை மாட்டச் சொன்னேன். மாட்டினான். உள்ளிழுக்கும் காற்றின் சூடு ஸ்கேனரிலேயே இறங்கித் தெரிந்தது.

மேப் போடுவதாக இருந்தால் நான்கு விஷயத்தைச் சோதித்துவிடுங்கள். பூஸ்ட் கசிவு, மேலே சொன்னேன். பிளக்: இடைவெளி கம்பெனி சொன்ன அளவில் இருக்க வேண்டும்; கூடுதல் அழுத்தத்தில் அகன்ற இடைவெளியைப் பொறி தாண்டாது, மிஸ்ஃபயர் ஆகும். எஞ்சின் ஆயில்: சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பெட்ரோல் தெளிக்கும் டர்போ எஞ்சின்களில் குறைந்த ஆர்பிஎம்மில் அதிக சுமை கொடுத்தால் முன்கூட்டியே பற்றி பிஸ்டனை உடைக்கும் அபாயம் உண்டு, 2020-ல் வந்த ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரம் அதைத் தடுப்பதையும் கணக்கில் எடுக்கிறது, டப்பாவில் அந்த இரண்டு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். நான்காவது கிளட்ச். ஆறாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் முழுதாக மிதித்துப் பாருங்கள். முள் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. அதை மாற்றாமல் மேப் போடுவது வீண்.

சூட்டுக்கு எனக்குத் தெரிந்த மலிவான மருந்து காலண்டர். மே மாதக் கத்திரி வெயிலில் டிராக்குக்குப் போகாதீர்கள். 38 டிகிரிக் காற்றைவிட மார்கழிக் காலையின் 25 டிகிரிக் காற்று நான்கு சதவீதத்துக்கு மேல் அடர்த்தி. சும்மா கிடைக்கிற குதிரை.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சத்தமான சைலன்சருக்குத்தான் முதலில் அபராதம் விழும், தம்பிக்கு எண்ணூர் விரைவுச்சாலையில் விழுந்தது. வழக்கமான வாகன இன்சூரன்ஸில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பாதுகாப்பு கிடையாது. டிராக்கில் இடித்தால் செலவு நம்முடையது.

எங்கள் பெருசுகளிடம் டிராக் என்று சொன்னால் சோழவரமா என்று கேட்பார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல வருடம் பந்தயம் நடத்தியது. செங்குன்றம் தாண்டினால் வந்துவிடும். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை வந்த பிறகு வடசென்னைக்காரன் பந்தய டயரோடு ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டது. காரை ஓட்டிக்கொண்டே டிராக்குக்குப் போய், அதே காரில் வீடு திரும்ப வேண்டும் என்கிற நிபந்தனையே அதனால்தான். டோ வண்டி வைத்திருந்தால் என் ரசீது வேறு மாதிரி இருந்திருக்கும். முழு டிராக் பேட்டும் காயில்ஓவரும் முதல் வரியில் வந்திருக்கும்.

தம்பி சும்மா இருக்கவில்லை. அடுத்த மாதமே பேட், ஆயில், ஹோஸ் மூன்றையும் நான் போகும் பாய் கடையிலேயே மாற்றினான். தாழ்வான ஸ்பிரிங்கை விற்றுவிட்டுப் பழையதை மாட்டினான். டிசம்பரில் திரும்பப் போனோம். பத்து லேப். என் ஒட்டும் டயரையும் மீறி அவன் முன்னாலேயே இருந்தான், கடைசி வரை. பெடல் கெட்டியாகவே இருந்ததாம்.

இப்போது வாரம் ஒரு தடவை மெசேஜ் வருகிறது: “இன்னாண்ணே, எப்போ மேப்பு?” போன ஞாயிறு ஆறாவது கியரில் மிதித்துப் பார்த்தேன். முள் லேசாக ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. கிளட்ச்சுக்கு பாயிடம் விலை கேட்டிருக்கிறேன்.